எல்லைக்கோட்டில் முடிந்துவிடும் விருந்து: நகர உணவுத் திருவிழாக்களும் புறநகர் உணவகங்களும்

நகர உணவுத் திருவிழா என்பதும் ஒரு சேவைதான். எந்த உணவகத்தில் என்ன கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும், எப்போது இடம் இருக்கும் என்பதையெல்லாம் ஒரே பட்டியலில் காட்டி, வழக்கமாகப் போகாத ஓர் இடத்துக்கு ஒருவரைப் போக வைப்பதே அதன் வேலை. இந்த அளவுகோலின்படி, நகர எல்லையோடு பட்டியலை முடித்துக்கொள்ளும் திருவிழா தன் வேலையில் பாதியைத்தான் செய்கிறது என்பது என் மதிப்பீடு. அதே சமயம், புறநகர் உணவகங்களுக்கும் இடம் உண்டு என்று அறிவிப்பதால் மட்டும் அவற்றுக்கு நன்மை வந்துவிடாது. சில ஏற்பாடுகளில் வருமானத்தைவிடச் செலவே மிஞ்சுகிறது. ஆகவே எந்த வகைத் திருவிழாவில், எந்த விதிகளோடு சேர்ப்பது என்பதிலிருந்துதான் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும்.

வகைகள் இரண்டு. முதலாவது, உணவகங்கள் திடலில் கடை போடும் திருவிழா. 1980 ஜூலை 4 அன்று மிச்சிகன் அவென்யூவில் தொடங்கி, அடுத்த ஆண்டே கிராண்ட் பார்க் பூங்காவுக்கு இடம் மாறிய ‘டேஸ்ட் ஆஃப் சிகாகோ’ இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. இரண்டாவது, உணவகங்கள் தத்தம் இடத்திலேயே இருந்தபடி, குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு நிலையான விலையில் விருந்து பரிமாறும் ‘ரெஸ்டாரன்ட் வீக்’. 1992இல் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு நியூயார்க்கில் நடந்தபோது, வந்திருந்தவர்களை நல்ல உணவகங்களுக்குள் வரவழைப்பதற்காக உணவக வழிகாட்டி நூல்களை வெளியிட்ட டிம் ஸகாட், உணவகத் தொழில்முனைவர் ஜோ பாம் ஆகியோர் இதைத் தொடங்கினார்கள். ஆண்டின் எண்ணையே விலையாக்கி, மதிய உணவை 19.92 டாலருக்கு விற்றார்கள். ஒரு சில நாட்களுக்கென்று செய்த ஏற்பாடு பிறகு பல நகரங்களுக்கும் பரவியது.

திடல் திருவிழாவில் புறநகர் உணவகங்களைச் சேர்ப்பது, வெளியிலிருந்து பார்க்கும்போது மிகத் தாராளமான செயலாகத் தெரியும். ஆனால் உணவகத்தின் பக்கம் நின்று கணக்குப் பார்த்தால் நிலைமை வேறு. கடைக்கான கட்டணம், தற்காலிக உரிமம், வாடகைக்கு எடுத்த அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, ஏற்றி இறக்கும் வண்டி ஆகிய எல்லாச் செலவுகளும் நகர மையத்தில் இருப்பவருக்கும் உண்டு என்றாலும், அவர் ஏதாவது தீர்ந்துபோனால் ஆளை அனுப்பித் தன் சமையற்கூடத்திலிருந்து எடுத்துவரச் செய்யலாம். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. சமைத்த உணவை ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காமல் வைத்திருக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் இருப்பதால், தொலைவு கூடக் கூட, கொண்டுவரக்கூடிய பண்டங்களின் எண்ணிக்கை குறைந்து, நெடுநேரம் சூட்டில் கிடந்தாலும் கெடாதவை மட்டுமே மிஞ்சுகின்றன. இதனால் அந்த உணவகத்துக்குப் பெயர் வாங்கித் தந்த உணவு திடலுக்கு வராமலே போய்விடுகிறது. ஆள் பற்றாக்குறையால் அந்த வார இறுதியில் சொந்த உணவகத்தை மூடவும் நேரிடலாம். புறநகரில் குடும்பங்கள் சாப்பிட வருவதும் பெரும்பாலும் வார இறுதியில்தான். திடலில் ருசித்தவர் இன்னொரு நாள் தேடி வருவார் என்பது அமைப்பாளர்கள் தரும் ஆறுதல். பக்கத்துத் தெருவில் இருக்கும் உணவகத்துக்கு அது பொருந்தலாம். ஒரு மணிநேரப் பயணத் தொலைவில் இருப்பதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. திடல் வகைக்கு நான் குறைந்த மதிப்பெண்ணே தருவேன். சிகாகோ திருவிழா 2022இல் கிராண்ட் பார்க்கோடு நிற்காமல் புல்மன், லிட்டில் வில்லேஜ் போன்ற குடியிருப்புப் பகுதிகளிலும் நடத்தப்பட்டது நல்ல திருத்தம்தான். ஆயினும் அவை நகர எல்லைக்குள் அடங்கியவையே.

ரெஸ்டாரன்ட் வீக்கில் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. உணவகம் நகர வேண்டியதில்லை, உண்பவர்தான் பயணம் செய்கிறார். அப்படியிருந்தும் எல்லைக்கோடு ஊருக்கு ஊர் மாறுகிறது. நியூயார்க்கின் வாரம் அந்நகரின் ஐந்து மாவட்டங்களுக்கு உரியது. கிழக்கே தொடரும் லாங் ஐலண்ட் புறநகர்களுக்குத் தனியாக ஒரு வாரம் உண்டு. வாஷிங்டனிலோ, மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களைச் சேர்ந்த புறநகர்களும் ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றன. இந்த வேறுபாட்டுக்குப் பெரிய தத்துவம் எதுவும் காரணமில்லை. யார் நடத்துகிறார்கள் என்பதே காரணம். நியூயார்க்கில் நடத்துவது அந்நகரின் சுற்றுலா அமைப்பு. வாஷிங்டனில் நடத்துவது பெருநகர வட்டாரம் முழுவதும் உறுப்பினர்களைக் கொண்ட உணவகச் சங்கம். பல நகரங்களில் சுற்றுலா அமைப்புகள் விடுதி வரியிலிருந்து பணம் பெறுகின்றன என்பதால், அந்த வரியை வசூலிக்கும் நகராட்சி, தன் எல்லைக்கு வெளியே இருக்கும் கடைக்கு ஏன் விளம்பரம் செய்ய வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்கு விடையும் எளிது: புறநகர் உணவகங்களிடமோ அவற்றின் உள்ளாட்சிகளிடமோ உரிய பங்குத்தொகையைப் பெற்றுக்கொள்ளலாம். சிகாகோவின் ரெஸ்டாரன்ட் வீக்கில் புறநகர் உணவகங்களும் கலந்துகொள்வதைப் பார்க்கும்போது, சுற்றுலா அமைப்பு நடத்தினாலும் இது முடியாத காரியமில்லை என்று தெரிகிறது.

உண்பவருக்கு இதனால் என்ன கிடைக்கிறது என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரமே போதும். 2007இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசை வென்ற முதல் உணவு விமர்சகரான ஜோனதன் கோல்ட், நகரின் ஆடம்பர உணவகங்களோடு நின்றுவிடாமல், சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு போன்ற புறநகர்ப் பகுதிகளின் சிறு வணிக வளாகங்களில் இருந்த குடும்ப உணவகங்களைப் பற்றி விடாமல் எழுதினார். அங்குள்ள மான்டரே பார்க், அல்ஹாம்ப்ரா ஆகியவை தனித்தனி நகராட்சிகள். நகர எல்லையை மட்டும் பார்த்துத் தயாரிக்கும் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட வராது. புலம்பெயர்ந்து வந்தவர்கள் வாடகை குறைந்த புறநகரில் குடியேறி, தம் மக்களை நம்பியே கடை திறக்கும்போது, சமையலின் காரத்தையும் புளிப்பையும் வெளியாருக்காகக் குறைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருப்பதில்லை. இந்த இடங்களை விட்டுவிட்டு ஒரு வட்டாரத்தின் உணவைக் காட்டுகிறோம் என்று சொல்லும் திருவிழாவை நான் நம்பமாட்டேன்.

குறைகளும் உண்டு. ஒருவருக்கு இன்ன விலை, மூன்று சுற்றுப் பரிமாறல் என்ற அமைப்பு, தட்டுகளை நடுவில் வைத்து எட்டுப் பேர் பகிர்ந்து உண்ணும் குடும்ப உணவகத்துக்குப் பொருந்துவதில்லை; நான்கு பேருக்கு ஒரு விலை என்ற மேசைக் கணக்கு அங்கே கூடுதல் பயன் தரும். மேலும் இந்த வாரங்கள் நகர உணவகங்களின் மந்தமான நாட்களை நிரப்பவே வகுக்கப்பட்டவை. நியூயார்க்கில் சனிக்கிழமைக்கு இந்தச் சலுகை கிடையாது, ஏனெனில் அங்கே சனிக்கிழமை மேசைகள் எப்படியும் நிரம்பிவிடும். ஆனால் தொலைவில் இருக்கும் உணவகத்துக்கு நகரவாசி ஒருவர் நேரம் ஒதுக்கிப் போகக்கூடிய நாளே அதுதான். இணையவழி முன்பதிவு கட்டாயம் என்ற விதியும், தொலைபேசியில் பெயர் குறித்துக்கொள்ளும் சிறிய கடைகளை முதல் கட்டத்திலேயே வெளியே தள்ளிவிடுகிறது.

எல்லோரையும் சேர்த்தால் பட்டியல் நீண்டு, எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் போகும் என்பார்கள். பட்டியல் நீள்வது உண்மை. ஆனால் நகராட்சி எல்லையை வைத்து அதைச் சுருக்குவதால் உண்பவருக்கு எந்த உதவியும் இல்லை. அவருக்கு வேண்டியது பயண நேரம், கடைசி ரயிலின் நேரம், வண்டி நிறுத்த இடம் ஆகியவற்றை வைத்துத் தேடும் வசதி. நகருக்குள்ளேயே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக ஒன்றரை மணிநேரம் ஆகும்போது, எல்லைக்கு அப்பால் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் உணவகம் தொலைவு என்று ஒதுக்கப்படுவது வேடிக்கைதான். இந்த வசதியைத் தராமல் புறநகர்க் கடைகளின் பெயர்களைப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிட்டு, மற்றவர்களிடம் வாங்கும் அதே பங்கேற்புக் கட்டணத்தை அவர்களிடமும் வாங்கும் திருவிழாவில் சேர வேண்டாம் என்றே புறநகர் உணவக உரிமையாளர்களுக்குச் சொல்வேன். சனிக்கிழமையையும் மேசைக் கணக்கையும் ஏற்றுக்கொள்ளும் திருவிழாவாக இருந்தால், முதல் ஆண்டில் இலாபம் குறைந்தாலும் சேர்ந்து பார்க்கலாம்.