ஜப்பானிய மொழி பழக எந்த கேம்? அமாங் அஸ், வாலரன்ட், ஃபைனல் ஃபேன்டசி 14

ஜப்பானிய மொழித் தேர்வில் (ஜேஎல்பிடி) கீழிருந்து இரண்டாம் நிலையான என்4 முடித்தும் பேசிப் பழக ஆள் கிடைக்காதவர்கள் ஆன்லைன் கேம் பக்கம் வருவதுண்டு. மூன்றையும் ஆடியதில் என் ஓட்டு, நீண்ட கதையோடு பலர் சேர்ந்து ஆடும் ஃபைனல் ஃபேன்டசி 14-க்கு.

துப்பாக்கிச் சண்டை கேமான வாலரன்ட் இலவசம், வாய்ஸ் சாட் உண்டு, அவ்வளவுதான். ஆயுதம் வாங்க 30 விநாடி, ரவுண்டுக்கு 100 விநாடி. 'பி பக்கம் ரெண்டு பேர்' என்பதைத் தாண்டிப் பேச்சு வளராது.

கூட்டத்தில் ஒளிந்திருக்கும் கொலையாளியை விவாதித்து, ஓட்டுப் போட்டு வெளியேற்றும் அமாங் அஸ் பரவாயில்லை. எங்கே இருந்தாய், யாரைப் பார்த்தாய் என்று மடக்கும்போது இறந்தகால வினைகள் நாக்கில் ஏறும். ரூமைத் திறப்பவர் சாட் மொழியை ஜப்பானியமாக வைத்து, விவாத நேரத்தைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கான்ஜி (ஜப்பானியச் சித்திர எழுத்து) தட்டி முடிப்பதற்குள் உங்களையே வெளியே தள்ளிவிடுவார்கள். குயிக் சாட் மட்டும் உள்ள கணக்கால் பயனில்லை. அதில் தயார் வாக்கியங்கள்தான்.

படிக்கவும் யோசிக்கவும் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதுதான் என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஃபைனல் ஃபேன்டசியில் குவெஸ்ட் (கதைப்பணி) வசனம் நீங்கள் அழுத்தும்வரை நகராது, அகராதி புரட்டலாம். முக்கியக் கதைக்காட்சிகளை விடுதி அறையில் உள்ள புத்தகத்தைத் திறந்து மறுபடி ஓட்டலாம். குழுவாக எதிரிகளை வெல்லும் டஞ்சனுக்குள் நுழைந்ததும் 'யோரோஷிகு ஒனெகாய்ஷிமாஸ்' (தயவுசெய்து ஒத்துழையுங்கள்), முடிந்ததும் 'ஒட்சுகாரேசமா தேஷிதா' (உழைப்புக்கு நன்றி) என்று நான்கு பேரும் தட்டுவது அங்கே வழக்கம். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கேரக்டர் உருவாக்கும்போது ஜப்பான் டேட்டா சென்டர் (சர்வர் தொகுதி) ஒன்றை எடுங்கள். அவற்றில் எலிமென்டல் என்பதை எடுத்தால் டோன்பெரி சர்வரை மட்டும் தவிருங்கள், அங்கே ஆங்கிலம் பேசுபவர்கள் அதிகம். குரல், எழுத்து இரண்டையும் ஜப்பானியத்தில் வையுங்கள். ஆங்கில எழுத்தோடு ஜப்பானியக் குரலைக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஆங்கில வசனம் வரிக்கு வரி மொழிபெயர்ப்பல்ல. டேப் விசையில் வரும் தானியங்கி மொழிபெயர்ப்புச் சொற்றொடர்களை ஊன்றுகோலாக்கிவிடாதீர்கள். அதில் நீங்கள் எதையும் எழுதுவதே இல்லை.

இலக்கணம் திருந்துமா என்றால் அடித்துச் சொல்ல மாட்டேன். ரெய்ண்டர்ஸ், வட்டனா என்ற ஆய்வாளர்கள் இருவரும் தாய்லாந்து மாணவர்களை ராக்னராக் ஆன்லைன் என்ற கேமில் ஆங்கிலம் பேசவைத்துப் பார்த்தபோது பேச்சின் அளவு கூடியது, பிழை குறையவில்லை. என்4-க்குக் கீழே இருப்பவர்களுக்கு ஃபைனல் ஃபேன்டசியின் கதை கடினம். சில பாத்திரங்கள் பழைய நடையில் பேசுகின்றன.

அதன் இலவச டிரையல் 70-ஆம் லெவல்வரை. ஆனால் தனிச்செய்தி அனுப்பவோ, பார்ட்டி (குழு) அமைக்கவோ, ஃப்ரீ கம்பெனி எனும் ஆட்டக்காரர் சங்கத்தில் சேரவோ முடியாது. வாசிக்க அது போதும். நிலையான பேச்சுத் துணை வேண்டுமென்றால் மாதச் சந்தா கட்ட வேண்டும். காசு கட்டி மாறிய கணக்கை மறுபடி டிரையலாக்க முடியாது, அதனால் கிடைப்பதை எல்லாம் முதலில் படித்து முடித்துவிடுங்கள்.