3,650 ரூபாய்க்குப் பேர் மாற்றிய ஆக்டோபஸ்: டி அண்ட் டி சப்ளிமென்ட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோபத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் முன்பின்னாகத்தான் வரும். டேபிள்டாப் கேம் மட்டுமே விற்கும் ஒரு ஆன்லைன் கடையில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் விளையாட்டு) ஐந்தாம் பதிப்புக்கான கடல் சாகசப் புத்தகம் ஒன்றை 3,650 ரூபாய் கொடுத்து வாங்கினோம். கெட்டி அட்டைப் புத்தகம், கூடவே பிடிஎஃப். எங்கள் டேபிளில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், ஐந்து பேர், ஆளுக்கு 730 போட்டோம். புகார் ஓடிக்கொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. இந்த மாதிரிப் புத்தகத்தைக் காசு கட்டுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இது: 60 புத்தம் புது மான்ஸ்டர்கள், 1-லிருந்து 8-ஆம் லெவல் வரை போகும் கதை, 2024-இல் வந்த திருத்திய விதிகளுக்குப் பொருந்தும். பிரிவியூவில் அட்டை, பொருளடக்கம், ஒரு தீவு மேப், கடல் ராணியின் முழுப்பக்கப் படம். அதை மட்டும் பார்த்துப் பணம் கட்டவில்லை. சாட்டில் போய் நேராகவே கேட்டேன்: மான்ஸ்டர் எல்லாம் புதுசா, யாராவது ஆடிப் பார்த்தீர்களா? உடனே பதில் வந்தது. "அண்ணா, நாங்களே எங்க டேபிள்ல முழுசா ஓட்டிப் பாத்துட்டுத்தான் விக்கிறோம். எங்க க்ளெரிக் மூணாவது செஷன்லயே செத்துட்டான், அவ்ளோ செமையா இருக்கும்." க்ளெரிக் என்பது ஆட்டத்தில் ஒரு பூசாரிப் பாத்திரம். ஆடுகிறவன் ஆடுகிறவனிடம் பேசுகிற பேச்சு. யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். அடுத்த நிமிடமே யுபிஐயில் 3,650 போய்விட்டது.

புத்தகம் பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். தாள், பைண்டிங் எல்லாம் முதல் தரம். உள்ளே போனால் கிட்டத்தட்ட பாதிப் புத்தகம் எஸ்ஆர்டி 5.1-இல் இருந்து அப்படியே எடுத்தது. தெரியாதவர்களுக்கு: டி அண்ட் டியை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் தன் அடிப்படை விதிகளை அந்தப் பெயரில் இலவச பிடிஎஃபாகவே வைத்திருக்கிறது. 2023 ஜனவரியில் அதை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் விட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் அச்சடிக்கலாம், விற்கலாம். கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் அந்தக் குறிப்பும் இருக்கிறது. ஆக, எடுத்தது குற்றமில்லை. எடுத்ததைப் "புத்தம் புது" என்று விற்றதுதான் அயோக்கியத்தனம்.

"ஆழ்கடல் காவலன்" என்று ஒன்று. ஏசி (அதன்மேல் அடி படுவது எவ்வளவு கஷ்டம் என்ற எண்) 11, ஹிட் பாயின்ட் (உயிர் அளவு) 52, 20 அடி ஆரத்துக்கு மை கக்கும். எஸ்ஆர்டியில் இருக்கும் ராட்சத ஆக்டோபஸ் அச்சு அசலாக இதேதான். பக்கத்துப் பக்கத்தில் ராட்சத நண்டு, ஏசி 15, ஹிட் பாயின்ட் 13, அதுவும் வேறு பெயரில். இதில் எங்கே ஐயா புதுசு?

சொந்தமாக எழுதிய இடங்கள் இதைவிட மோசம். அந்தக் கடல் ராணிக்கு சாலஞ்ச் ரேட்டிங் (மான்ஸ்டர் எவ்வளவு பலம் என்ற எண்) 4 போட்டு, மூன்றாம் லெவல் ஆட்களுக்கு எதிரே நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு ரவுண்டில் மூன்று அடி, ஒவ்வொன்றும் சராசரி 22. மொத்தம் 66. டிஎம்முக்கான, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவருக்கான, 2014 கைடு அட்டவணையில் ரேட்டிங் 4-க்கு ரவுண்டுக்கு 27 முதல் 32 வரைதான் டேமேஜ். 66 என்பது ரேட்டிங் 10-இன் கணக்கு. எங்கள் விசார்டுக்கு (மந்திரவாதிப் பாத்திரம்) இருந்ததே 20 ஹிட் பாயின்ட். ஒரே அடியில் படுத்தான். இரண்டாவது ரவுண்டு முடியும்போது டேபிளில் யாரும் எழுந்து நிற்கவில்லை. இதைத்தான் "ஓட்டிப் பார்த்தார்களாம்".

2024 விதிகளுக்குப் பொருந்தும் என்றதும் பொய். புதிய விதியில் எல்லா கிளாசுக்கும் (பாத்திர வகைக்கும்) சப்கிளாஸ் என்ற உட்பிரிவு மூன்றாம் லெவலில்தான் வரும். இந்தப் புத்தகத்தின் க்ளெரிக் டொமைன், அதாவது க்ளெரிக்கின் சப்கிளாஸ், முதல் லெவலிலேயே தொடங்குகிறது, அப்படியே பழைய 2014 விதிகளின் அமைப்பு. அட்டையில் ஸ்டிக்கரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

சரி, 3,650 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். "சார், சீல் பிரிச்சாச்சே" என்றார்கள். பிரிக்காமல் எப்படிப் படிப்பது? பிடிஎஃபுக்காவது பணம் கொடுங்கள் என்றால், டவுன்லோட் ஆகிவிட்டதால் முடியாதாம். மான்ஸ்டர் கணக்கைப் பக்க எண்ணோடு எழுதி அனுப்பினேன். "பேலன்ஸ் பண்றது டிஎம்மோட வேலை சார்" என்று ஒரு பதில். அதாவது 3,650 ரூபாய் கொடுத்துவிட்டு மிச்ச வேலையையும் நானே செய்ய வேண்டும். அப்புறம், பதிப்பாளரைக் கேளுங்கள் என்றார்கள். புத்தகத்தில் இருந்த பதிப்பாளர் மெயிலுக்கு எழுதினால் இதே கடையின் ஆட்டோ ரிப்ளை வருகிறது! கடைசியாக "டியர் கஸ்டமர், அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதக் கூப்பன்." அடுத்த ஆர்டராம்.

இ-காமர்ஸ் விதிகள் 2020-படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தக் கடையின் தளத்தில் குறைதீர் அதிகாரி என்று ஒரு பெயர்கூடக் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்துவிட்டேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பிரிவியூவில் ஒரு மான்ஸ்டரின் ஸ்டாட் பிளாக்கையாவது (ஏசி, ஹிட் பாயின்ட் எல்லாம் உள்ள கட்டம்) காட்டாத புத்தகத்தைத் தொடாதீர்கள். எஸ்ஆர்டியை இறக்கி வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள். "ஐந்தாம் பதிப்புக்குப் பொருந்தும்" என்று யார் வேண்டுமானாலும் அட்டையில் போடலாம், அது தரச் சான்று இல்லை. ரிவ்யூவில் பேக்கிங் சூப்பர், பேப்பர் சூப்பர் என்று மட்டும் இருந்தால், எழுதியவர் யாரும் ஆடவில்லை என்று அர்த்தம். சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்னிடம் அந்த "அண்ணா" பதில் இருக்கிறது, அதைத்தான் புகாரோடு சேர்த்திருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கடையிலிருந்து இன்னொரு மெயில், "உங்கள் டிக்கெட் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது" என்று. என்ன தீர்த்தார்கள் என்று கேட்டு எழுதப் போகிறேன்.