மலை ஏற்றத்தில் சூடேறும் பழைய பிக்கப்: காரணம் கண்டறிந்த அனுபவம்

மேட்டுப்பாளையத்திலிருந்து உர மூட்டைகளுடன் ஊட்டிக்கு ஏறி, காய்கறியுடன் இறங்கும் பழைய டீசல் பிக்கப் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இன்ஜின் சூடேறினால், எந்த உதிரிப்பாகத்தை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன், வெப்பமானியின் முள் எப்போது ஏறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வண்டி சமவெளியில் முழுப் பாரத்துடன் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது முள் பாதியைத் தாண்டாது. கல்லாற்றைக் கடந்து இரண்டாம் கியரில் ஏறத் தொடங்கியதும் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடும். ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைத்திருந்தால் சமவெளி வேகத்திலும் சூடு கூடியிருக்கும். மெதுவான ஏற்றத்தில் எதிர்க்காற்று போதாமல் இன்ஜின் விசிறியையே நம்பியிருப்பதால், சூடேறியதும் விசிறியை இன்ஜினுடன் இறுகப் பிணைக்கும் ஃபேன் கிளட்ச் மீது சந்தேகம் எழுந்தது. சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுற்றியபோது, இறுக்கமாக இருக்க வேண்டிய அது தடையின்றிச் சுழன்றது. கிளட்ச்சின் முகப்பில் கசிந்த சிலிக்கோன் எண்ணெயில் புழுதி அப்பியிருந்தது.

கிளட்ச்சை மாற்றியதும் முள் அடங்கியது. ஆயினும் குன்னூருக்கு மேலே கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கொதித்து வழிவது நிற்கவில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் ரேடியேட்டர் மூடிதான் அந்தக் கொதிநிலையை மேலும் 20 டிகிரி அளவுக்கு உயர்த்திக் கொடுக்கிறது. எங்கள் மூடியின் ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தது. சில நூறு ரூபாயில் கிடைக்கும் இந்த மூடியைப் பலரும் சோதிப்பதே இல்லை என்பது வருத்தத்திற்குரியது.

இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குக் கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடு குறையும் என்று பணிமனைகளில் பரவலாகச் சொல்லப்படும் யோசனையை நான் ஏற்கவில்லை. பல இன்ஜின்களில் அது முழுவதும் திறக்கும்போதுதான், ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழி அடைபடுகிறது. கழற்றிவிட்டால் கூலன்ட்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே இன்ஜினுக்குள் திரும்பிவிடும்.

இன்ஜினின் மேற்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் வழியே எரிந்த வாயு கூலன்ட்டில் கசிகிறதா என்றும் சோதித்தோம். குளிர்ந்த இன்ஜினை இயக்கிய சில நொடிகளிலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் இறுகவில்லை, ரேடியேட்டரில் குமிழிகளும் தொடரவில்லை என்பதால், ஹெட்டைக் கழற்றும் பெருஞ்செலவு தவிர்ந்தது. இப்போது கோடைக்கு முன் ரேடியேட்டர் இதழ்களை இன்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவிவிடுகிறோம். முழுப் பாரத்திலும் முள் பாதிக்குச் சற்று மேலேயே நிற்கிறது.