அம்மாவின் நோய் வரலாறு ஒரே தாளில்: சுங்கை சிப்புட் பயண அனுபவம்

இந்த முறை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குப் போனபோது பெரும்பாலான காலைகள் அரசாங்கக் கிளினிக்கில்தான் கழிந்தன. அம்மாவுக்கு இனிப்புநீரும் (சர்க்கரை நோய்) ரத்தக் கொதிப்பும் நெடுநாளாக உண்டு. இப்போது சிறுநீரகமும் தளரத் தொடங்கியிருக்கிறது. மெல்பர்னில் உட்கார்ந்து போனில் "மருந்து சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்பதற்கும், கூடவே போய்ப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம். என்னைப்போல் தூரத்தில் இருந்து கவலைப்படுகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

சேவையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். நாள்பட்ட நோய்க்கான மருந்தை மாதாமாதம் போய் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகள் வீட்டில் போய்த் தங்கினால் அந்த ஊர் அரசாங்க மருந்தகத்திலேயே வாங்கிக்கொள்ள எஸ்.பி.யு.பி. என்றொரு ஏற்பாடும் இருக்கிறது. தாதிகள் பொறுமையாகப் பேசுகிறார்கள். இதையெல்லாம் மனதார மெச்சுகிறேன்.

ஆனால் கூட்டம் அதிகம். 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர்; பெரிய இனங்களில் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், அதிலும் அடுத்த முறை வேறொருவர் இருப்பார். அந்த நேரத்தில் அம்மா சொல்வது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கேன், டாக்டர்."

ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில், அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் ஒருவருக்கே எல்லாக் குடும்பத்தின் கதையும் தெரியும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவின் கதை பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. இனிப்புநீருக்கு அரசாங்கக் கிளினிக், காய்ச்சலுக்கும் முட்டிவலிக்கும் டவுனில் ஒரு தனியார் கிளினிக், கண்ணுக்கு ஈப்போ, நடுவில் மருந்துக்கடை. ஓர் இடத்தில் எழுதியது இன்னோர் இடத்துக்குத் தெரிவதில்லை. எல்லா இடத்துக்கும் போனவர் அம்மா மட்டும்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அவர் கையிலேயே வைத்திருக்கவேண்டும் என்று நானும் அண்ணனும் முடிவு செய்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்த மாத்திரை அத்தனையையும் மேசையில் கொட்டினோம். அலமாரி, கைப்பை, சாமி மாடம் என்று எங்கெங்கோ இருந்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் மருந்தின் பொதுப்பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, யார் கொடுத்தது, எப்போதிலிருந்து என்று எழுதினோம். கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால் போதாது என்பது அப்போதே புரிந்தது. அரசாங்கக் கிளினிக் உறையில் ரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின். தனியார் கிளினிக் கொடுத்த அட்டையில் வேறு பெயர், வேறு நிறம். உள்ளே இருந்ததும் அம்லோடிபின்தான். அம்மா இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச காலமாகக் கணுக்கால் வீங்குகிறது, கிட்னி போய்விட்டது என்று பயந்துகொண்டிருந்தவர் அவர். கணுக்கால் வீக்கம் அந்த மருந்தின் பக்கவிளைவாகவும் வரும்.

முட்டிவலிக்கு மெஃபனாமிக் அமிலம் இருந்தது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அந்த வகை வலிமாத்திரைகள் ஆகாது. மிசாய் குச்சிங் என்ற மூலிகைத் தேநீரையும் எழுதினோம். "அது மருந்தா என்ன, இலைதானே" என்றார் அம்மா. டாக்டருக்கு அதுவும் தெரியவேண்டும், அம்மா.

அவர் யாரிடமும் சொல்லாத இன்னொன்றும் அன்று வெளியே வந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதம் இருந்துகொண்டே காலையில் கிளிக்கிளசைட் என்ற இனிப்புநீர் மாத்திரையைப் போட்டுக்கொள்வார். மத்தியானம் கை நடுங்கி, வியர்த்து, படுத்துவிடுவார். சாமி சோதிக்கிறது என்று நினைத்திருக்கிறார்! சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். விரத நாட்களைத் தாளில் தனி வரியாகவே எழுதினோம்.

குடும்ப வரலாறுதான் பெரிய வேலை. பாட்டியின் மரணச் சான்றிதழில் காரணம் 'சாக்கிட் துவா', அதாவது முதுமை நோய் என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் வீட்டில் இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் போலீசில் சொல்லிப் பதிந்ததுதான். கோல கங்சாரில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டோம். பாட்டிக்குக் காலில் புண் ஆறாமல், கடைசியில் காலையே எடுத்தார்கள் என்றார். தாத்தா பால்வெட்டப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது அவருக்கு 52 வயது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தால் இதய டாக்டர்கள் அதைத் தனியாகக் கணக்கில் எடுப்பார்கள். பெரியம்மாவும் போய்விட்டால் இதைச் சொல்ல யாரும் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் மற்றவை: எந்த நோய் எந்த ஆண்டு, ஆபரேஷன்கள், எந்த மருந்து ஒவ்வாது, சாப்பிட்டபோது தடிப்பு வந்ததா மூச்சு முட்டியதா. சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். இரண்டுக்கும் பழைய எண்களைத் தேதியோடு வரிசையாக எழுதினோம். ஒற்றை எண்ணைவிட அது ஏறிக்கொண்டே வருகிறதா, இறங்கிக்கொண்டே வருகிறதா என்பதே டாக்டருக்கு முக்கியம். தாளை மலாயில் எழுதினோம், மருந்துப் பெயர்கள் ஆங்கில எழுத்தில். அம்மாவுக்குத் தமிழில் தனிப் பிரதி. கடைசியில் அன்று கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்.

டாக்டர் இளம் பெண். தாளை முழுதும் படித்தார். இரட்டை மாத்திரையில் ஒன்றை நிறுத்தினார். வலிக்குப் பாராசிட்டமால் போதும் என்றார். ஈ.ஜி.எஃப்.ஆர். 41க்கு இறங்கியிருந்ததால் இனிப்புநீருக்கான மெட்ஃபார்மின் அளவைக் குறைத்தார். ஈ.ஜி.எஃப்.ஆர். 45க்குக் கீழே போனால் குறைப்பதும், 30க்குக் கீழே போனால் நிறுத்துவதும் வழக்கம். விரத நாளில் என்ன செய்வது என்று அவரே விளக்கினார். மருந்தாளர் தனியாக உட்கார்ந்து பேசும் எம்.டி.ஏ.சி. பிரிவுக்கும் எழுதிக் கொடுத்தார். அது எத்தனையோ கிளினிக்குகளில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். நான் கிளம்புவதற்குள் அம்மாவின் கால் வீக்கம் நன்றாக வடிந்துவிட்டது.

தாள் இப்போது அம்மா ஐ.சி. (அடையாள அட்டை) வைக்கும் பையில் ஒன்று, அண்ணன் கைப்பேசியில் படமாக ஒன்று, என்னிடம் ஒன்று. மருந்து மாறும் அன்றே அண்ணன் புதிதாக எழுதி, மேலே தேதி போட்டு, எனக்கும் அனுப்புகிறார். பழையதை உடனே கிழித்துவிடச் சொல்லியிருக்கிறேன். அவசரத்தில் வார்டில் காட்டுவது கைக்கு முதலில் அகப்படும் தாளைத்தான்.