கேஸ் கிட்டைக் கழற்றக் கொடுக்கிறீர்களா? மேனிஃபோல்டு ஓட்டையை எப்படி அடைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

எல்பிஜி கிட்டைக் கழற்றிவிட்டு காரை மறுபடி முழுப் பெட்ரோலுக்கு மாற்ற நினைப்பவர்கள், வண்டியைப் பட்டறையில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு கேஸ் கிட் கடையில் எனக்கு நடந்தது. கடைப் பெயர் போடவில்லை. வேலை எங்கே கெட்டது என்பதுதான் உங்களுக்குத் தேவை.

வண்டி மாருதி எஸ்டீம், 1298 சிசி, எம்பிஎஃப்ஐ, அதாவது ஒவ்வொரு இன்ஜின் சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வகை. அப்பா வாங்கியது. பல வருஷம் சீக்வென்ஷியல் எல்பிஜி கிட்டில் (சிலிண்டர்களுக்கு முறைவைத்துத் தனித்தனியாகக் கேஸ் விடும் வகை) ஓடியது. எங்கள் பக்கம் இருந்த ஆட்டோ கேஸ் பங்க் மூடிய பிறகு, டிக்கியை அடைத்துக்கொண்டு டேங்க் எதற்கு என்று கழற்றக் கொடுத்தோம். "பழையபடி பண்ணிக் குடுத்தர்றோங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர்.

இந்த வகைக் கிட் மாட்டும்போது, இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற கிளையிலும், பெட்ரோல் இன்ஜெக்டருக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு, 6 எம்எம் மரை வெட்டி, பித்தளை நாசில் முறுக்குவார்கள். கேஸ் இன்ஜெக்டரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் அதில்தான் மாட்டும். நாலு சிலிண்டருக்கு நாலு ஓட்டை. கிட்டைக் கழற்றிய பிறகும் அந்த ஓட்டைகள் அங்கேயேதான் இருக்கும்.

வண்டி திரும்பி வந்ததும் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே இறங்கவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் மிஸ் அடித்தது. பானெட்டைத் திறந்தால் உஸ்ஸென்று ஒரு சத்தம். கடையில் கேட்டால், "ரொம்ப நாள் கேஸ்ல ஓடின வண்டிங்க, பெட்ரோல் இன்ஜெக்டர் அடைச்சிருக்கும்" என்றார்கள். அது நடக்கக்கூடியதுதான், அதனால்தான் நம்பும்படி இருந்தது. இன்ஜெக்டர் கிளீனிங்குக்கு ஒரு பில். அடுத்து, உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குக் கிளீனிங், இன்னொரு பில். கடைசியில் ஐடில் வால்வையே மாற்றச் சொன்னார்கள். அந்த ஓட்டைகளைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு பெரியவர், பழைய மாருதி மெக்கானிக். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, பாட்டிலில் இருந்த தண்ணீரை மேனிஃபோல்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது சிலிண்டர் பக்கம் போனதும், காற்று இழுக்கிற இடத்தில் தண்ணீர் பட்டு, சத்தம் மாறியது. "மேனிஃபோல்டை எறக்கிப் பாத்தர்லாங்க தம்பி" என்றார்.

இறக்கிப் பார்த்ததும் வயிறு எரிந்தது. முதல் இரண்டு ஓட்டைகளில் கைக்குக் கிடைத்த போல்ட்டுகள். ஒன்று அரை விரல் நீளத்துக்கு உள்ளே நீட்டி, காற்றுப் பாதையை மறித்துக்கொண்டு நின்றது. நாலாவதில் நாசிலைக்கூடக் கழற்றவில்லை, ஹோஸை வெட்டி அதன் வாயில் ஒரு ஸ்க்ரூவைத் திணித்து கிளாம்ப் போட்டிருந்தார்கள். மூன்றாவதில் மரை உருண்டுபோயிருந்தது. அதில் போல்ட் நிற்காது என்று தெரிந்து, தண்ணீர்க் குழாய்க்கு வைக்கிற எபாக்சியை அப்பியிருந்தார்கள். அது விளிம்பில் விட்டு, உள்பக்கம் ஒரு துண்டு பெயர்ந்து போயிருந்தது. அந்தத் துண்டு போக இன்ஜினைத் தவிர வேறு இடமில்லை. வால்வு வந்து உட்காரும் சீட்டில் சிக்கியிருந்தால் இன்ஜின் ஹெட்டையே இறக்கியிருக்க வேண்டும். சிலிண்டர்களின் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்ததில் நாலும் ஒரே அளவில் இருந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஐடிலிங்கில் த்ராட்டில் மூடியிருப்பதால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். ஊசித் துளை இருந்தாலும் காற்றை இழுக்கும். எஸ்டீமில் இருப்பது மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். அழுத்தம் ஏறியதைப் பார்த்து ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) நாலு சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டிவிடும், ஆனால் திருட்டுக் காற்று போவது மூன்றாவதுக்கு மட்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் மேனிஃபோல்டு காற்றை உறிஞ்சும் இழுப்பு குறைந்து கோளாறு மறைந்துவிடும். அதனால் கடைக்காரர் ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள். இன்ஜின் சூடான பிறகு, ஏசி போடாமல் நிறுத்தி வைத்து ஐடிலிங் பாருங்கள்.

பெரியவர் மேனிஃபோல்டை லேத் பட்டறைக்கு அனுப்பி, நாலு ஓட்டையையும் ஆர்கான் வெல்டிங்கில் மூடி, உள்பக்கம் அரம் போட்டுச் சமப்படுத்தி, புது கேஸ்கெட்டுடன் மாட்டினார். ஐடிலிங் 850-க்கு வந்து நின்றது. வெல்டிங் வேண்டாம் என்றால், தலையுள்ள குட்டை போல்ட்டைச் சுவர் கனத்துக்கு அளந்து வெட்டி, செம்பு வாஷரும் பெட்ரோல் தாங்கும் த்ரெட்லாக்கர் பசையும் போட்டு முறுக்கலாம் என்றார். மரை போயிருந்தால் 8 எம்எம்முக்கு டேப் போட (புது மரை வெட்ட) வேண்டும். எதுவானாலும் மேனிஃபோல்டை இறக்கித்தான் செய்ய வேண்டும், மாட்டியபடியே டேப் போட்டால் அலுமினியத் தூள் நேரே வால்வுக்குப் போகும். தலையில்லாத கிரப் ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம், ஒரு சுற்று கூடினால் உள்ளே விழுந்துவிடும். பிளாஸ்டிக் மேனிஃபோல்டாக இருந்தால் ஒட்டுப்போடாமல் வேறு மேனிஃபோல்டு வாங்கிப் போடுவதே மேல்.

எல்பிஜியை ஆவியாக்கி அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசருக்குச் சுடுதண்ணீர் போக ஹீட்டர் ஹோஸை வெட்டிப் போட்டிருந்த டீ (T வடிவ) இணைப்புகளையும் கேஸ் கிட் கடைக்காரர்கள் அப்படியே விட்டு, வாயில் போல்ட் அடைத்திருந்தார்கள். அது ஹைவேயில் பிடுங்கிக்கொண்டிருந்தால் கூலண்ட் முழுவதும் கொட்டியிருக்கும். அதையும் எடுத்துவிட்டு முழு ஹோஸ் போட்டோம்.

படங்களை அனுப்பியதற்கு இன்ஜெக்டர் கிளீனிங் காசை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள். நான் முழுத் தொகையையும் கேட்டிருக்கிறேன். ஆர்சியில் இன்னும் பெட்ரோல்/எல்பிஜி என்றுதான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின் கீழ் இந்த மாற்றத்தையும் ஆர்டிஓவில் பதிய வேண்டும், இன்சூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும். அதற்காகக் கிட்டைக் கழற்றியதாக டேங்க் நம்பருடன் ஒரு கடிதம் கேட்டேன், இழுத்தடிக்கிறார்கள். டேங்க் அவர்களிடமே இருக்கிறது. உங்கள் டேங்கைக் கடையில் விட்டு வருவதாக இருந்தால், அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகு விடுங்கள்.