எச்.டி. டிஷ், எச்.டி. எல்.என்.பி. என்று ஒன்றும் கிடையாது: ரூ.5,650 பில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்

சென்னைப் புறநகரில் ஒரு வீடு. பழைய டி.வி. போய் 43 இஞ்ச் ஃபுல் எச்.டி. டி.வி. வந்திருக்கிறது. டி.டி.எச். இணைப்பு ஏற்கெனவே உண்டு, பாக்ஸும் எச்.டி. பாக்ஸ்தான். படம் மங்கலாக இருக்கிறதே என்று ஏரியாவில் இருக்கும் டிஷ் கடைக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மொட்டை மாடிக்குப் போன வேகத்தில் இறங்கி வந்தவர், "இது எல்லாமே எஸ்.டி. (சாதாரணத் தர) செட்டப் சார், எச்.டி.க்கு மொத்தத்தையும் மாத்தணும்" என்றாராம். சாயங்காலம் கைக்கு வந்த பில் இது: எச்.டி. டிஷ் 1,400, எச்.டி. எல்.என்.பி. (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி) 850, எச்.டி. கேபிள் 30 மீட்டர் 1,200, சிக்னல் பூஸ்டர் 450, 5ஜி ஃபில்டர் 350, கோல்டு எச்.டி.எம்.ஐ. கேபிள் 900, கூலி 500. மொத்தம் ரூ.5,650. வெறும் துண்டுச் சீட்டு. கடை பெயரும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. கழற்றிய டிஷ்ஷையும் எல்.என்.பி.யையும் "ஸ்கிராப்தான்" என்று அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு படம் அதே மங்கல். காரணம், அவர்கள் ரீசார்ஜ் செய்துவந்த பேக்கில் ஒரு எச்.டி. சேனல்கூட இல்லை. பழைய எண்ணில் பழைய எஸ்.டி. சேனல்தான் புது டிஷ் வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

எச்.டி. தெரிய உண்மையில் தேவைப்படுவது நான்கே விஷயம். எச்.டி. சேனல் வரும் டி.வி.பி.-எஸ்2 என்ற சிக்னல் முறையையும் எம்பெக்-4 என்ற பட வடிவத்தையும் பிரித்தெடுக்கத் தெரிந்த பாக்ஸ், பாக்ஸிலிருந்து டி.வி.க்கு ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள், பேக்கில் எச்.டி. சேனல், எச்.டி. காட்டும் டி.வி. நான்குமே வீட்டுக்குள் இருப்பவை. மொட்டை மாடியில் இருக்கும் எதற்கும் எச்.டி.யோடு சம்பந்தமில்லை.

எல்.என்.பி. செய்யும் வேலை என்ன? 10.7 முதல் 12.75 கிகா ஹெர்ட்ஸ் வரை சாட்டிலைட்டிலிருந்து வரும் சிக்னலை (கே.யு. பேண்ட் என்பார்கள்) வாங்கி, 950 முதல் 2,150 மெகா ஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கேபிளில் விடுவது. உள்ளே 9.75, 10.6 கிகா ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஆஸிலேட்டர் (இப்படி இறக்குவதற்கான அலையை உண்டாக்குவது) இருக்கும். எதை எடுக்க வேண்டும் என்பதை பாக்ஸ் 22 கிலோ ஹெர்ட்ஸ் டோன் போட்டுச் சொல்லும். 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து போலரைசேஷன் (அலை அதிரும் திசை), 18 வோல்ட் கொடுத்தால் கிடைமட்டம். அதன் வழியே போவது எஸ்.டி.யா எச்.டி.யா என்பது எல்.என்.பி.க்குத் தெரியவே தெரியாது. அட்டையில் "எச்.டி.", "4கே", "0.1 டெசிபல்" என்று என்ன அச்சடித்தாலும் இதுதான் கதை. டிஷ்ஷும் அப்படியே. தமிழ்நாட்டில் 60 செ.மீ. டிஷ் போதும், துருப்பிடித்து ஓட்டை விழாத, வளையாத டிஷ்ஷை மாற்றச் சொன்னால் அது வியாபாரம், அவ்வளவுதான்.

5ஜி ஃபில்டர்தான் இந்தப் பில்லில் உச்சம். 5ஜி தொந்தரவு என்பது பொய்யில்லை, ஆனால் அது சி பேண்ட் சமாச்சாரம். கேபிள் டி.வி. ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் பெரிய டிஷ்கள் 4 கிகா ஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்பவை, 3.3 முதல் 3.67 வரையுள்ள 5ஜி அலைவரிசை அதற்குப் பக்கத்திலேயே வருகிறது. அங்கே ஃபில்டர் போடுவதில் அர்த்தம் உண்டு. வீட்டு டி.டி.எச். 11, 12 கிகா ஹெர்ட்ஸில் வாங்குவது. அதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எங்கோ கேட்ட அரைகுறைச் செய்தியை வைத்து 350 ரூபாயைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பூஸ்டர் இன்னும் மோசம். காசு போவதோடு கெடுதலும் செய்யும். எல்.என்.பி.யே 50 முதல் 60 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) வரை பெருக்கித் தருகிறது. டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு வரும் ஆர்.ஜி.6 வகைக் கேபிளில் 2,150 மெகா ஹெர்ட்ஸில் 100 மீட்டருக்குச் சுமார் 30 டெசிபல் குறையும். மாடியிலிருந்து ஹாலுக்கு வரும் 15 மீட்டரில் ஐந்து டெசிபல்கூடப் போகாது. நாற்பது, ஐம்பது மீட்டரைத் தாண்டினால்தான் லைன் ஆம்ப்ளிஃபயரை, அதாவது இந்தப் பூஸ்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். அது சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கும். குறுகிய கேபிளில் மாட்டினால் பாக்ஸில் "ஸ்ட்ரெங்த்" 95 என்று காட்டும், "குவாலிட்டி" இறங்கும். ஸ்ட்ரெங்த்தை மட்டும் காட்டி "பாருங்க, ஏறிடுச்சு" என்று சொல்பவரிடம் உஷாராக இருங்கள். பார்க்க வேண்டியது குவாலிட்டியைத்தான்.

கேபிள் நீளத்தைச் சொந்தமாகச் சரிபார்க்கலாம். பல பிராண்டுகளில் உறை மேல் மீட்டருக்கு ஒரு எண் அச்சாகியிருக்கும். இரண்டு முனையின் எண்களையும் கழித்தால் நீளம். இந்த வீட்டில் 30 மீட்டர் என்று எழுதியதற்கு 14 மீட்டர்தான் ஓடியிருந்தது. முழுச் செம்புக் கம்பி என்று சொல்லி விற்றதும் சரியில்லை: நடுக்கம்பியில் காந்தம் ஒட்டியது. இரும்புக்குச் செம்பு முலாம் பூசியது. இந்தத் தூரத்துக்கு அதுவே தாராளம், ஆனால் செம்பு விலை வாங்கியது தப்பு. பழைய கேபிளை எப்போது மாற்றலாம்? முனையை ஓர் இஞ்ச் உரித்துப் பாருங்கள். பின்னல் வெள்ளையாக மின்னினால் கேபிள் நல்லது. கறுத்தோ பச்சைப் பாசி பூத்தோ இருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. அரை மீட்டர் வெட்டிப் பார்த்து, உள்ளேயும் அப்படியே இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றுதான் இந்தப் பில்லில் நிஜமாகவே தேவைப்பட்டது. அதுவரை பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. வயரில் மாட்டியிருந்தார்கள், அதில் எச்.டி. வரவே வராது, 576 வரியோடு நின்றுவிடும். ஆனால் 900 ரூபாய் எதற்கு? நம் ஊர் எச்.டி. சேனல்கள் 1080ஐ, அதாவது 1,080 வரிப் படம். எச்.டி.எம்.ஐ.யில் ஆக அடிமட்டமான "ஸ்டாண்டர்டு" வகைக் கேபிளே அதற்குப் போதும். டிஜிட்டல் சிக்னலில் தங்க முலாம் நிறத்தைக் கூட்டாது. கேபிளை மாட்டியதும் பாக்ஸ் மெனுவில் வீடியோ அவுட்புட் 1080ஐ என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். 576-இல் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

பாக்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை இருப்பதாலேயே அது எச்.டி. பாக்ஸ் ஆகிவிடாது, எஸ்.டி. பாக்ஸிலும் அந்தத் துளை வைத்து விற்றிருக்கிறார்கள். அடியில் இருக்கும் மாடல் எண்ணைக் கம்பெனி கஸ்டமர் கேரில் சொல்லிக் கேளுங்கள். செகண்ட் ஹேண்ட் எச்.டி. பாக்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள்: ஸ்மார்ட் கார்டும் பாக்ஸும் ஜோடி சேர்த்துப் பூட்டப்பட்டவை. ஒரு கம்பெனி பாக்ஸ் இன்னொரு கம்பெனிக்கு உதவவும் உதவாது.

இனி இந்த வீட்டின் இரண்டாம் அத்தியாயம். பேக்கில் எச்.டி. சேனல்களைச் சேர்த்த பிறகு படம் பளிச்சென்று வந்தது. ஆனால் மேகம் மூடினாலே எச்.டி. சேனல் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தது; எஸ்.டி. சேனல்கள் அசையாமல் ஓடின. "பார்த்தீங்களா, இன்னும் பெரிய டிஷ் வேணும்" என்று அதே ஆள் மறுபடி வந்து நின்றிருக்கிறார். ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் கண்ணால் பார்ப்பது அவர் பேச்சுக்குச் சாட்சி சொல்வது போலவே இருக்கும். நடப்பது வேறு. எச்.டி. சேனல்கள் பெரும்பாலும் 8பி.எஸ்.கே. என்ற மாடுலேஷனில் (டேட்டாவை அலையில் ஏற்றும் முறை) வருகின்றன. ஒரே அலைவரிசையில் அதிக டேட்டா ஏற்றுவதற்கான வழி அது. அதற்கு ஈடாகச் சுத்தமான சிக்னல் கேட்கும். அதே 3/4 பிழைதிருத்தத்தில், குறைவாக டேட்டா ஏற்றும் க்யூ.பி.எஸ்.கே. முறைக்கு இரைச்சலைவிடச் சிக்னல் 4 டெசிபல் மேலே இருந்தால் போதும், 8பி.எஸ்.கே.வுக்கு 8 டெசிபல் கிட்ட வேண்டும். டிஷ் சரியாகத் திரும்பாமல் விளிம்பில் நின்றால், முதலில் உடைவது எச்.டி.தான்.

60 செ.மீ. டிஷ்ஷில் ஒன்றரை டிகிரி விலகினாலே சிக்னல் பாதியாகிவிடும். ஆகவே செய்ய வேண்டியது அலைன்மென்ட், அதாவது டிஷ்ஷைச் சாட்டிலைட்டுக்கு நேராகத் திருப்புவது. பாக்ஸில் ஓர் எச்.டி. சேனலை வைத்து, குவாலிட்டி அளவைத் திரையில் திறந்து வைத்து, ஒருவர் கீழே இருந்து போனில் எண்ணைச் சொல்ல, மேலே இருப்பவர் நட்டைத் தளர்த்தி முதலில் இடம் வலமாகவும் அப்புறம் மேல் கீழாகவும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று நான்கு விநாடி விட்டுத்தான் எண் மாறும். அவசரப்படுகிறவர்கள் உச்சியைத் தாண்டிப் போய்விடுவார்கள். கடைசியாக எல்.என்.பி.யைக் கவ்வியில் லேசாகச் சுழற்றிப் பார்த்து, நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரே பக்கத்தை இறுக்கினால் பிடித்த கோணம் ஓடிவிடும். சென்னையில் 83 டிகிரி கிழக்கு சாட்டிலைட்டுக்கு உயரக் கோணம் சுமார் 74, 93.5-க்கு 68, 108.2-க்கு 54. எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் ஆஃப்செட் டிஷ் என்பதால் பார்வைக்கு அவ்வளவு மல்லாந்ததாகத் தெரியாது. பிராக்கெட்டில் இருக்கும் ஸ்கேலை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

இந்த வீட்டில் இன்னொரு குற்றவாளியும் இருந்தது: எல்.என்.பி. முனையில் கேபிளை மாட்டத் திருகிப் போட்ட எஃப் கனெக்டர். அதற்குப் பதில் கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் கனெக்டர் போட்டு, ரப்பர் மூடியை மேலே தள்ளி, எல்.என்.பி.க்கு முன்னால் கேபிளில் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பூஸ்டரையும் ஃபில்டரையும் கழற்றி, இதைச் செய்து, டிஷ்ஷையும் திருப்பியதும் குவாலிட்டி 48-லிருந்து 81-க்கு வந்தது. ஒரு பைசாவுக்குப் புதுச் சாமான் வாங்கவில்லை, கனெக்டரைத் தவிர.

மார்ச் நடுவிலும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாள் முற்பகலிலோ நண்பகலை ஒட்டியோ சில நிமிடம் படம் போய்த் திரும்பி வந்தால் எதையும் மாற்றாதீர்கள். சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வருவதால் நடப்பது; தானே சரியாகும்.

இரண்டாவது டி.வி.க்கு மட்டும்தான் மாடியில் நிஜமாகவே கூடுதல் சாமான் தேவைப்படலாம். சாதாரண ஸ்ப்ளிட்டர் போட்டால் ஒரு பாக்ஸ் 13 வோல்ட்டும் இன்னொன்று 18 வோல்ட்டும் கேட்கும்; 18 ஜெயிக்கும், மற்ற அறையில் பாதி சேனல் காணாமல் போகும். இரண்டு அவுட்புட் உள்ள ட்வின் எல்.என்.பி. போட்டு, தனித்தனிக் கேபிள் இழுங்கள்.

டி.டி. ஃப்ரீ டிஷ் பாக்ஸில் "சர்வர்" போட்டுக் கட்டணச் சேனல் எல்லாம் எச்.டி.யில் இலவசம் என்று வருஷக் கட்டணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். திருட்டு இணைப்பு அது. நின்றுபோனால் யாரிடமும் கேட்க முடியாது.

ஆள் வருவதற்கு முன்பே கம்பெனி ஆப்பில் புகார் பதிந்து எண்ணை வாங்கிவிடுங்கள். நிறுவுவதற்கும் வந்து பார்ப்பதற்கும் இருந்த கட்டண உச்சவரம்பை 2024 ஜூலையில் ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) எடுத்துவிட்டது. இப்போது கம்பெனி வைப்பதுதான் விலை, எனவே தொகையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.  கழற்றிய பொருள் உங்களுடையது என்றால் கொடுக்காதீர்கள். ட்ராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. கஸ்டமர் கேரில் தீராவிட்டால் கம்பெனியின் நோடல் அதிகாரி (மேல்முறையீட்டைப் பார்ப்பவர்), அதற்கு மேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இந்த வீட்டுக்காரர்கள் துண்டுச் சீட்டின் போட்டோ, யு.பி.ஐ. ரசீது, கேபிள் எண்களின் படம் மூன்றையும் சேர்த்து 1915-இல் பதிந்தார்கள். கடைக்காரர் பூஸ்டர், ஃபில்டர், அளவுக்கு மீறி எழுதிய கேபிள் ஆகியவற்றுக்கான பணத்தைத் திருப்பித் தந்திருக்கிறார். டிஷ், எல்.என்.பி. காசு இன்னும் வரவில்லை.