4,600 ரூபாய்க்கு சோபா ஃபோம் வாங்கினேன்: மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் படித்துவிடுங்கள்

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஐந்தாவது ஏஞ்சல் மீனையும் வலையில் எடுத்து, மொட்டைமாடியில் கறிவேப்பிலைச் செடித் தொட்டியில் புதைத்துவிட்டு வந்தேன். தூக்கம் வரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். 4,600 ரூபாய்.

கடையின் பெயரைப் போடப்போவதில்லை. குட்டி குட்டி வீடியோ போட்டு மீன் தொட்டிச் சாமான் விற்கும் பக்கங்கள் இருக்கின்றன அல்லவா, அந்த ரகம். கடை என்று ஒரு இடமே கிடையாது. ஒரு பக்கம், ஒரு கைபேசி எண், பணம் அனுப்ப ஒரு கியூஆர் கோடு. பெயரைச் சொன்னால் நாளைக்கே வேறு பெயரில் வந்து நிற்பார்கள்.

ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரை விட்டுவிட்டு இதற்கு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. என்னுடையது நாலடித் தொட்டி, 250 லிட்டர் பிடிக்கும். தொட்டிக்கு மேலே உட்கார்ந்து மோட்டாரில் ஓடும் டாப் ஃபில்டர் நின்றுபோனது. நானும் வீட்டுக்காரியும் சொம்பில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். அப்படியும் ஏழு மீன் போய்விட்டது. அப்போதே முடிவு செய்ததுதான், அடுத்த ஃபில்டர் ஸ்பாஞ்ச் என்று. அதற்குக் காற்று மட்டும் போதும். ஏர் பம்ப் அனுப்பும் குமிழ்கள் நடுக்குழாயில் மேலே ஏறும்போது தண்ணீரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பச் சுற்றியிருக்கும் தண்ணீர் ஃபோம் வழியாக உள்ளே வரும். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப்பை மாட்டிவிடலாம். ஃபோம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாக்டீரியா குடியிருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அந்த பாக்டீரியாதான். அழுக்கு பிடிப்பதெல்லாம் இரண்டாவது வேலை.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். அதுதான் வயிற்றெரிச்சல்.

போன மாதம் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. கரிய நிறத்தில் செங்கல் அளவு இரண்டு ஸ்பாஞ்ச், நடுவில் டிஸ்கஸ் மீன் கூட்டம், தண்ணீர் கண்ணாடி மாதிரி. 'இம்போர்டட் ஃபோம், 30 பிபிஐ, 300 லிட்டர் வரை தாங்கும்.' பிபிஐ என்றால் ஒரு அங்குலத்துக்கு எத்தனை துளை என்ற கணக்கு. அந்த மூன்றெழுத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்தவன் போல என்று நினைத்துவிட்டேன். கூப்பிட்டேன். எடுத்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், குரலில் அவ்வளவு பணிவு.

"அண்ணா, முதல்ல டேங்க் அளவு சொல்லுங்க. என்ன மீன்ணா வச்சிருக்கீங்க?"

எட்டு ஏஞ்சல் என்றேன். எத்தனை வயசு, என்ன தீனி, ஜோடி சேர்ந்திருக்கா, முட்டை வைக்குதா என்று வரிசையாகக் கேட்டான். வெள்ளிப் பெட்டை ஒன்று இருக்கிறது, மாதம் ஒருதடவை டாப் ஃபில்டர் குழாய் மேலேயே முட்டை வைக்கும் என்று சொன்னேன். "சூப்பர்ணா, அப்ப ஃப்ளோ ஸ்மூத்தா இருக்கணும், குஞ்சு உள்ள இழுத்துடக்கூடாது" என்றான். உண்மைதானே, குஞ்சு பொரிக்கும் தொட்டிக்கு எல்லோரும் ஸ்பாஞ்ச் வைப்பது அதற்காகத்தான். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். விலை குறைவு என்று வாங்கவில்லை. நம் மீனைப் பற்றிக் கேட்டானே என்று வாங்கினேன். பத்து வருடமாகப் பழகிய கடைக்காரர்கூட அப்படிக் கேட்டதில்லை.

அப்புறம்தான் அந்த 600 ரூபாய் விவகாரம். "அண்ணா, நாங்க பாக்டீரியா ஏத்தியே அனுப்புவோம். பிரிச்சு வச்சா அன்னைக்கே ரெடி. பழைய ஃபில்டரை எடுத்துடுங்க, ரெண்டும் ஓடினா பாக்டீரியா பிரிஞ்சு போயிடும்." ஒரு ஃபில்டர் 1,890, இரண்டுக்கு 3,780, பாக்டீரியாவுக்கு 600, கூரியர் 220. ஆகமொத்தம் 4,600. வீட்டில் வந்ததும் பணம் தருகிறேனே தம்பி என்றேன். "உயிருள்ள பாக்டீரியாண்ணா, ரிட்டர்ன் வந்தா செத்துடும், அதான் முன்னாடியே வாங்கிக்கிறோம்." நியாயமாகத்தான் பட்டது. அனுப்பிவிட்டேன்.

போன சனிக்கிழமை பார்சல் வந்தது. ஆறு நாள் பயணம். பிரித்தால் பிளாஸ்டிக் உறைக்குள் ஸ்பாஞ்ச் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன், செருப்புக் கடை வாசனை. பாக்டீரியா ஏற்றிய ஸ்பாஞ்ச் காய்ந்தா வரும் என்று மனதில் ஒரு மூலை கேட்டது. பணம் கொடுத்துவிட்ட மனசு இருக்கிறதே, அது எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கும். புதுவித முறையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாப் ஃபில்டரைக் கழற்றினேன். அதிலிருந்த பஞ்சை, இரண்டு வருடம் ஓடி பாக்டீரியா குடியேறிப் பழுப்பான பஞ்சை, குப்பையில் போட்டேன். இதை எழுதும்போதுதான் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஸ்பாஞ்ச் முழுகவில்லை. புது ஃபோமில் காற்று இருக்கும், தண்ணீருக்குள் வைத்துப் பிழிந்தால் அடங்கிவிடும். இது பிழியப் பிழிய மேலே வந்தது. கடைசியில் ஒரு கூழாங்கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். என் மகன், இரண்டாம் வகுப்பு, "அப்பா, அதுக்கு நீச்சல் தெரியுது" என்று சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை விற்ற பையனிடம் வாசனையைப் பற்றிக் கேட்டேன். "புதுசுல வாசனை வரும் ப்ரோ, ரெண்டு நாள்ல போயிடும்." அண்ணா ப்ரோ ஆகிவிட்டதை அப்போது கவனிக்கவில்லை.

செவ்வாய் காலையில் எட்டு மீனும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. டெஸ்ட் கிட்டில் மருந்து விட்டுப் பார்த்தேன். மஞ்சளாக நிற்க வேண்டியது இலைப் பச்சையாக மாறியது. அட்டையில் ஒப்பிட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் 4-க்கும் நடுவில். எங்கள் போர் தண்ணீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 8. பிஎச் ஏற ஏற, தண்ணீர் சூடாக ஆக, அதே அம்மோனியாவுக்கு விஷம் அதிகம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன், தீனியை நிறுத்தினேன். புதன் மதியம் முதல் மீன் போனது. சாயங்காலம் இரண்டாவது. இரண்டாவதுதான் வெள்ளிப் பெட்டை, எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகன் கண்ணாடியில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "குண்டு எழுந்துக்க மாட்டேங்குதுப்பா" என்றான்.

அன்றைக்கு ராத்திரி ஒரு ஸ்பாஞ்சை எடுத்து பிளேடால் நடுவில் கீறினேன். வெளியே விரல் கனத்துக்குக் கறுப்பு ஃபோம். அதற்குள்ளே வெள்ளையாக, சோபா குஷனில் வைப்பார்களே, அதே ஃபோம். இரண்டையும் மஞ்சள் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். பசை நூல் நூலாக விரலோடு வந்தது. தொட்டிக்கான ஃபோமில் ஒவ்வொரு துளைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய சவ்வை நீக்கியிருப்பார்கள். வெறும் கம்பிக்கூடு மாதிரி இருக்கும், தண்ணீர் தடையில்லாமல் போகும். சோபா ஃபோமில் அந்தச் சவ்வு நிறைய இடத்தில் அப்படியே இருக்கும். அதனால்தான் முழுகவில்லை, அதனால்தான் தண்ணீரும் இழுக்கவில்லை. நடுக்குழாயில் குமிழ் மட்டும் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. அதாவது நாலு நாளாக என் தொட்டியில் ஃபில்டரே இல்லை. நான் 4,600 ரூபாய் கொடுத்து வாங்கியது இரண்டு தலையணை.

கீறிய படத்தை அனுப்பினேன். அதற்கப்புறம் வந்த பதில்களை வரிசையாகவே தருகிறேன். "சார், உங்க தண்ணில குளோரின் இருக்கும்." போர் தண்ணீரில் குளோரின் எங்கிருந்து வரும்? "சார், பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா?" இல்லை. "அப்ப எங்க பொருள்தான்னு எப்படி நம்புறது?" பிறகு வேறொரு குரல், ஒரு பெண்: "டீம்ல சொல்லியிருக்கோம் சார், 48 மணி நேரம்." பிறகு மறுபடி அவனே: "மீன் உயிருள்ள பொருள் சார், அதுக்கு நாங்க கேரண்டி கொடுக்கிறதில்ல." தம்பி, நான் உன்னிடம் மீனா வாங்கினேன்? ஸ்பாஞ்ச் அல்லவா வாங்கினேன். கடைசியாக, அடுத்த ஆர்டரில் 300 ரூபாய் தள்ளுபடி தருவதாக ஒரு செய்தி. மீனைக் கொன்றவனிடமே மறுபடி வாங்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து என் அழைப்பு போகவில்லை. பக்கத்தைத் தேடினால் எனக்கு மட்டும் காணவில்லை, வீட்டுக்காரி போனில் ஜம்மென்று இருக்கிறது. அண்ணா, ப்ரோ, சார், அப்புறம் பிளாக். ஒரு வாரத்தில் என் பதவி உயர்வு இது.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போனேன். தூரம் என்று சோம்பல்பட்டுத்தானே இத்தனையும். அங்கே ஒரு பெரியவர், வாசலில் வரிசையாக சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவர், கதையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பழைய ஸ்பாஞ்சை எடுத்தார். காபி டிகாஷன் நிறம், மழை பெய்த மண் வாசனை. தண்ணீரோடு பாலிதீன் பையில் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டிக் கொடுத்தார். "ஈரம் காயாம கொண்டு போப்பா. குழாய்த் தண்ணில அலசிடாத." 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். பாக்டீரியா ஏற்றிய ஸ்பாஞ்ச் என்றால் இதுதான். அது வந்த பிறகும் ஏற்கெனவே செவுள் வெந்துபோன மூன்று மீன் பிழைக்கவில்லை. மீதி மூன்று நீந்துகின்றன. இன்று காலை அம்மோனியா அரைக்குக் கீழே.

1915-க்கு, அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண், கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். பணம் அனுப்பிய செயலியில் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பிய தொகை, விற்றவரிடம் பேசுங்கள் என்கிறது. பேசத்தானே வழியில்லை! 4,600 ரூபாய் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேனே. அதற்கு இப்போது தெம்பில்லை, நாலு வரி சொல்கிறேன். ஃபோமை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் காற்று வர வேண்டும். பசை வாசனை அடித்தால் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். காய்ந்து வரும் ஸ்பாஞ்சில் பாக்டீரியா இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். புது ஃபில்டரைப் பழையதோடு சேர்த்து ஒரு மாதமாவது ஓடவிடுங்கள், அதுவரை பழைய பஞ்சு ஒரு துண்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்திருப்பவர்கள் டியூபில் 'நான்-ரிட்டர்ன்' வால்வு, அதாவது தண்ணீர் பின்னால் ஓடி பம்ப்புக்குள் வராமல் தடுக்கும் அடைப்பான், போடுங்கள். இதற்கும் என் கதைக்கும் சம்பந்தமில்லை, நினைவு வந்தது, சொல்லிவிட்டேன். இன்னும் ஏதோ இருந்தது, மறந்துவிட்டது.

கீறிய ஸ்பாஞ்சின் ஒரு பாதியை மகன் எடுத்துக்கொண்டு போய் பொம்மைக்கு மெத்தை போட்டிருக்கிறான். மற்ற ஒன்றரையும் பால்கனியில் கிடக்கின்றன, புகாருக்குச் சாட்சி வேண்டுமே. தண்ணீர் மாற்ற வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டு வந்தேன், வழிகிற சத்தம் கேட்கிறது. வருகிறேன்.